குடைக்கு வெளியே

தென்காசி நீதிமன்ற வாசலில் சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. ராணுவத்தில் மேஜராக இருந்து, வக்கீலாகி, இப்போது எம்.பி.யாக இருக்கும் முத்துப்பேச்சி, கார்க் கண்ணாடியில் பார்த்துக் கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொள்கிறாள். கறுப்பு அங்கிக்குள்ளும் தோள்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்தே இருக்கின்றன. கட்சியின் மாவட்டச் செயலாளர் சண்முகையா அவள் தலைக்கு மேல் குடை பிடித்திருக்கிறார். கட்சிப் புள்ளி ஒருவர் குற்றாலத்தில் ஓடையை மறித்து ரிசார்ட் கட்டிவிட்டார். இந்தச் சாரலிலும் கீழ்வயல்கள் காய்கின்றன. அந்த வயல்காரர்களுக்காகத்தான் அவள் இன்று வாதாடப் போகிறாள். “நம்ம ஆளு மேலயே கேஸ் நடத்துதீங்க. அடுத்த தேர்தல்ல சீட்டு கிடைக்காது, பாத்துக்கிடுங்க” என்கிறார் சண்முகையா. அவள் முடிச்சை இறுக்குகிறாள். “சீட்டு நீங்க குடுத்தது. ஓட்டு அவங்க போட்டதுல்லா?” சண்முகையா குடையை மெல்லத் தன் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறார். அவளுடைய நரைத்த முன்முடியில், அங்கியின் கறுப்பில், பொடிப்பொடியாய் நீர் பூக்கிறது. உள்ளே டவாலி வழக்கின் பெயரைக் கூவுகிறான். அவள் துடைத்துக்கொள்ளாமலே படியேறுகிறாள். “இந்தச் சாரல்ல நனையதுக்குத்தான் அண்ணாச்சி, வெளியூர்ச் சனங்க ஊரு ஊரா வண்டி புடிச்சு இங்கன வாராங்க.”