நிறைந்த பாட்டில்

"குழந்தை அசைகிறதா?" என்று சுகாதார நிலையத்தின் பேசும் ஏஐ பரிசோதனைக் கருவி கேட்டது. "நல்லா உதைக்குதே!" என்று முந்திக்கொண்டார் மாமியார். கர்ப்பிணியான செண்பகம் தரையைப் பார்த்தபடி இருந்தாள். குழந்தையின் துடிப்பு சீராகத்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று கருவி முடிவு சொல்லிவிட்டது.

அதற்கு ஒப்புதலாகச் செவிலியர் ஜெபமணி கருவியில் பெருவிரல் பதிக்க வேண்டும். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"அம்மா, இந்தப் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வாங்க."

மாமியார் வாசலைத் தாண்டியதும் செண்பகம் ஜெபமணியின் கையைப் பற்றினாள். "நேத்துல இருந்து அசையவே இல்லக்கா. அத்தை பயந்துருவாங்கன்னு சொல்லல."

ஜெபமணி விரல் பதிக்காமல் ஆம்புலன்ஸை அழைத்தார். கருவி காரணம் கேட்டது.

"நீ பிள்ளைத்தாச்சி சொன்னதையா கேட்ட? மாமியார் சொன்னதையில்ல கேட்ட!"

சாயங்காலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார்கள்.

மறுநாள் இன்னொரு கர்ப்பிணியைக் கணவன் அழைத்து வந்தான். முதல் கேள்விக்கே அவன் வாயைத் திறக்க, கருவி குறுக்கிட்டது.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வாங்க."

அவன் கையிலிருந்த பாட்டில் நிறைந்திருந்தது. ஒன்றும் புரியாமல் விழித்தான். ஜெபமணி அதை வாங்கி ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலை அவனிடமே நீட்டினார்.