தில்லையம்பலத்தின் குறுக்கு விசாரணை

சின்னமுத்து சாட்சிக் கூண்டில் ஏறியதைக் கண்டதும் தில்லையம்பலத்துக்கு முகம் மலர்ந்தது. கண்டி நீதிமன்றத்தில் இருவருக்கும் பழைய உறவு. இவர் கேட்பார், அவன் சொல்வான், குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சிறைக்குப் போவான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்க வழக்கறிஞராக இருந்தவரை தில்லையம்பலம் தோற்ற வழக்குக் கிடையாது. சாட்சி இல்லாத வழக்குக்கெல்லாம் சின்னமுத்து இருந்தான். ஊர் ஊராகப் புடவை மூட்டை சுமந்து விற்றவன், எங்கேயும் எதையும் பார்த்திருப்பான். மடுல்கெல்லையில் கடைக்குத் தீ வைத்தவனைப் பார்த்தான். கலஹாவில் கங்காணியைக் குத்திக் கொன்றவனை நிலா வெளிச்சத்தில் பார்த்தான்.

அந்தக் கலஹா வழக்கில் அவனைச் "சூதுவாது தெரியாத ஏழை" என்று ஜூரிமாரிடம் உருகினார் தில்லையம்பலம். தோட்டத்துக் கருப்பையாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தில்லையம்பலத்துக்குப் பத்திரிகையில் படம் கிடைத்தது.

அந்தப் பேரை வைத்தே போன வருடம் அரசாங்க சபைத் தேர்தலில் நின்று வென்றார். நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்குமாம். இவர் மந்திரிக் கதிரைக்கு இப்போதே கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்தார். சின்னமுத்து வாழ்த்துச் சொல்ல வந்தபோது வாசற்கதவைக்கூடத் திறக்கவில்லை.

ஆகவே இன்று அவன் வந்திருந்தது இவருக்காக அல்ல. தேர்தலில் தோற்றவர் போட்ட வழக்கில், இவருக்கு எதிரான சாட்சியாக. வாக்களிப்புக்கு முதல்நாள் இரவு தெல்தெனியவில் பந்தல் போட்டு வாக்காளருக்குச் சோறும் சாராயமும் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் பதவி பறிபோகும்.

விருந்து என்னவோ மெய்தான். ஆட்டுக்கறி அருமை என்று ஊரே பேசிக்கொண்டது. ஆனால் தின்றவன் ஒருவனும் சாட்சி சொல்ல வரவில்லை, சின்னமுத்துதான் வந்தான். கதவைச் சாத்திய கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முஹ்ஸின், கலஹா வழக்கில் கருப்பையாவுக்காகப் பேசித் தோற்றவர். கருப்பையாவின் மனைவி அங்கம்மா கடைசி வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தன் வீழ்ச்சியைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று தில்லையம்பலம் உதட்டைப் பிதுக்கினார்.

சின்னமுத்து ஒப்புவித்தான். "பந்தலுக்கு வெளிய மரத்தடியில நின்னேங்க. ஐயாதான் தன் கையால சாராயம் ஊத்திக் குடுத்தாருங்க. நல்லாப் பாத்தேங்க."

தில்லையம்பலம் எழுந்தார். வேறு வழக்கறிஞர் வைக்கவில்லை. தன்னைவிடக் கெட்டிக்காரன் கண்டியில் இல்லை என்பது அவருடைய துணிபு.

"இருட்டுக்க நிண்டு எப்பிடிப் பாத்தனி?"

"கண்ணு நல்லாத் தெரியுமுங்க."

"பொய் சொல்லாதை. உனக்கு மாலைக்கண்."

"இல்லீங்களே. யாரோ ஐயாகிட்டத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. தில்லையம்பலத்துக்குச் சுருக்கென்றது. மூட்டை தூக்கிக்குத் திமிரைப் பார்! முஹ்ஸின் குறுக்கே எழுந்து ஆட்சேபிப்பார் என்று திரும்பினால், அவர் பாட்டுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இந்த மண்டுவிடமா கருப்பையா வழக்கைக் கொடுத்தான் என்று அவன்மேல் இரக்கம்கூட வந்தது.

"ஆரும் சொல்லேல்லை, நானே கண்டனான்" என்று குரலை உயர்த்தினார். "ஒருநாள் என்ர வீட்டுக்கு வந்தனி. பொழுதுபட்டு வெளிக்கிடேக்க, படி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நிண்டனி. நான்தான் உன்ர கையைப் பிடிச்சு ஒவ்வொரு படியாய் இறக்கி விட்டனான். ஓமோ, இல்லையோ?"

சின்னமுத்து தலையைக் குனிந்தான். "ஆமாங்க."

"பொழுதுபட்டால் உனக்கு ஒண்டும் தெரியாது?"

"தெரியாதுங்க. சின்ன வயசிலேருந்து அப்புடித்தானுங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீசில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். பதவி பிழைத்தது. தில்லையம்பலம் கதிரையில் சாய்ந்து, அங்கம்மாவை ஒருமுறை ஏளனமாகப் பார்த்தார்.

முஹ்ஸின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சின்னமுத்து, இவர் கையப் புடிச்சு ஒங்கள எறக்கிவிட்ட எப்ப?"

சின்னமுத்து முதல்முறையாகக் கடைசி வாங்கைப் பார்த்தான்.

"கலஹாக் கொலை வழக்குல நான் சாட்சி சொல்றதுக்கு மொத நாளுங்க."