மாப்பிள்ளை ஒட்டிய டைல்ஸ்

"ஆள் எதுக்கு அத்தை? நான் எதுக்கு இருக்கேன்?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, சமையலறைச் சுவரில் பெயர்ந்த டைல்ஸை ஒட்டப் போனார் மாப்பிள்ளை. ஓரமெல்லாம் பசை பிதுங்கியதைக் கவனிக்காமல், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி பெருமை பேசிக்கொண்டிருந்தார். இப்போது டைல்ஸ் கெட்டியாக நின்றுவிட்டது. கைதான் வரவில்லை.

மாமியார் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, இழுக்காதீங்க அத்தை, தோல் உரிஞ்சிடும்! ஓரத்துல எண்ணெய் ஊத்தி, வெந்நீர்த் துணியை வச்சு, கொஞ்சம் கொஞ்சமா நெம்பணும்."

"கம்ப்யூட்டர் கம்பெனியில நூறு பேரைக் கட்டி மேய்க்கிற மேனேஜர் நீங்க. பசையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? டியூப்லயே உதவிக்கு நம்பர் போட்டிருக்கான், கேட்டுடுறேன்."

"வேணாம் அத்தை! லீவு நாள், யாரும் எடுக்க மாட்டாங்க!"

அதற்குள் மாமியார் நம்பரை அழுத்திவிட்டார்.

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் செல்போன் அலறியது. அதை அமுக்கக் கை இல்லை.

மாமியார் அதை உருவி எடுத்தார். திரையில் மாமியாரின் பெயரே மின்னியது. டியூபைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பச்சைப் பொத்தானைத் தொட்டு, அவர் காதில் வைத்துவிட்டுத் தன் போனில் பேசினார்.

"சார், பசைக் கம்பெனிங்களா? எங்க வீட்டு மேனேஜர் சுவத்தோட ஒட்டிக்கிட்டாரு. என்ன பண்ணலாம்?"

மாப்பிள்ளைக்குத் தலையைக் குனிய மட்டும்தான் முடிந்தது. பழக்க தோஷம், குரல் தானாக வந்தது.

"இழுக்காதீங்க மேடம். ஓரத்துல எண்ணெய் ஊத்துங்க."