இடது புருவத்துத் தழும்பு

ஓவியத்தை மூடியிருந்த துணி விழுந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது.

பள்ளிக்கூடச் சுவர் முழுக்க, திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்திய அமாதோ கிந்தனார். பக்கவாட்டில் திரும்பி, ஒலிபெருக்கியை வாயருகே பிடித்துத் தோட்டத்தைப் பார்த்து நிற்கிறார். வைக்கோல் தொப்பி. இடது புருவத்தின் மேல் அந்தத் தழும்பு.

அவருக்கு எதிரே, திராட்சைக் கொடிகளுக்கு நடுவில், முகத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு பெண். மூடிய கையை ஓங்கி உயர்த்தியிருக்கிறாள்.

அது நான். அன்றைக்குப் பதினேழு வயது.

"வேலைநிறுத்தத்துக்கு அமாதோ கூப்பிட்டதும் முதல்ல கை தூக்கினவங்க இவங்கதான்!" என்று நகரசபைத் தலைவி மைக்கில் சொன்னார். எனக்கு முதல் வரிசை நாற்காலி, நெஞ்சில் சிவப்பு ரிப்பன். அமாதோவின் பிறந்தநாள் என்று அலுவலகங்களுக்கெல்லாம் விடுமுறை. தோட்டத்துக்குத்தான் கிடையாது. என் தெருவில் பாதிப் பேர் திராட்சைக் கொடி கட்டப் போய்விட்டார்கள். என்ன கூத்து இது!

இந்த ஓவியத்துக்கு மூலமான போட்டோவைப் பழைய செய்தித்தாளில் கண்டுபிடித்தது என் மகள் யெசெனியா. பெட்டிக்குள் கிடந்த ரோஜாப்பூக் கைக்குட்டையை வைத்து என்னை அடையாளம் கண்டாள். ஊர் முழுக்க ஓடிச் சொல்லிவிட்டாள். என்னிடம்தான் கடைசியில் சொன்னாள்.

வேலையைப் போட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து வெளியே வருகிறவள் முதலில் தூசிக்குக் கட்டிய கைக்குட்டையை அவிழ்ப்பாள். சாலையில் நிற்கும் வேலைநிறுத்தக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கட்டியபடி நின்றால் அவள் வேலைநிறுத்தத்துக்கு வரவில்லை என்று பொருள்.

தோட்டத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் யெசெனியாவுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு நாள்கூட நான் விடவில்லை. படி, படி என்று உயிரை எடுத்தேன். இப்போது இதே பள்ளியில் டீச்சர்.

அப்பாவுக்குக் கால் ஒடிந்திருந்தது. குடியிருந்த குடிசை கம்பெனியுடையது. மேஸ்திரி சொன்னதையெல்லாம் செய்தேன். இதைச் சொன்னால் யாரும் மன்னிக்கக்கூடும். ஆனால் சொல்ல வேண்டியது இது மட்டும் இல்லை.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் லியோகாடியோ. அன்றைக்கு அமாதோவின் தோளோடு தோள் நின்றவர். அப்படி நின்றவர்களில் இன்று மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஓவியக்காரப் பய தப்பு பண்ணிட்டான், தோமித்திலா. இந்தப் போட்டோ எடுத்தப்ப அவர் புருவத்துல ஒரு கீறல்கூடக் கிடையாது. அது அடுத்த நொடி வந்தது."

நான் நெஞ்சிலிருந்த ரிப்பனைக் கையால் மூடினேன்.

"நீயே சொல்லுவேன்னுதாம்மா இத்தனை வருஷமும் வாயத் தொறக்காம இருந்தேன்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

யெசெனியா மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "ரெண்டே வார்த்தை போதும்மா. அழுதுடாத, நானும் அழுதுடுவேன்." அவள் கண் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடி எப்படிச் சொல்வது? சொல்லாமல் செத்துப்போனால் இந்தச் சுவர் எனக்கு அப்புறமும் நிற்குமே. அதுவும் பள்ளிக்கூடச் சுவர்.

சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

"நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். கைதட்டல் நிற்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுங்கள், சொல்ல விடுங்கள் என்று வலது கையை உயர்த்தினேன்.

அவ்வளவுதான். மைதானம் மொத்தமும் எழுந்துவிட்டது. முந்நூறு பேர், குழந்தைகள் உட்பட, என்னைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார்கள். "வீவா அமாதோ! வீவா தோமித்திலா!" யெசெனியாவின் முஷ்டிதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது.

லியோகாடியோ மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவற்றை நன்றாக விரித்துக் காட்டினேன். இந்த முறை கையில் கல் இல்லை.