இன்றைக்கு ஒரு புது வார்த்தை

மகனை அழைத்துப் போக வந்தவளுக்குத் தெருமுனையிலேயே அந்தக் கூச்சல் கேட்டது.

மழலையர் பள்ளியிலிருந்துதான். அத்தனை பிஞ்சுகளும் அலறுகின்றன. தீயோ, பாம்போ! செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. படபடவென்று தட்டினாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த டீச்சர், கதவை ஒரு சாண் திறந்து, அவளை வெடுக்கென்று உள்ளே இழுத்து, மறுபடி தாழ் போட்டாள்.

தீயுமில்லை, பாம்புமில்லை. பிள்ளைகள் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் மகன் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தான். ஆயாம்மாவோ ஒய்யாரமாகப் பின்கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன டீச்சர் இது, சந்தைக்கடையா?"

"புது வார்த்தைங்க. பேண்டமோனியம். களேபரம்னு அர்த்தம். செஞ்சு பார்த்தாத்தானே மனசுல நிக்கும்? எங்கே, எல்லாரும் சொல்லுங்க! வாட் எ பேண்டமோனியம்!"

"வாட் எ பேண்டமோனியம்!" கூரை அதிர்ந்தது.

"எனக்கே அர்த்தம் சொல்றீங்களா? நான் கான்வென்ட்ல படிச்சவ. பேயெல்லாம் கூடிக் கும்மாளம் போடற இடத்துக்கு வெச்ச பேரு அது. சிஸ்டர் அதைச் சொன்னாலே எங்க கிளாஸ் கப்சிப்னு ஆயிடும். நாலு வயசுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேற வார்த்தையே கிடைக்கலையா?"

"திட்டுங்கம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க."

டீச்சரின் உதடு சிரித்தது. கண் பின்கதவை விட்டு நகரவில்லை.

"கிண்டலா? விடுங்க என் பிள்ளையை. நாளையிலேருந்து வேற ஸ்கூல்!"

"இப்ப யாரையும் வெளிய விட முடியாதும்மா."

"ஏன்?"

அந்நேரம் பார்த்துப் பிள்ளைகள் களைத்து ஓய்ந்தார்கள்.

மடார்!

பின்கதவு அதிர்ந்தது. ஆயாம்மா காலை ஊன்றி, முதுகை இன்னும் அழுத்திக் கொடுத்தாள். வெளியே குடியில் குழறும் ஆண்குரல்.

"என் பொண்ணை வெளிய அனுப்புங்கடி! அவளையும் வெட்டிட்டு நானும் சாகறேன்!"

"போலீஸ் வந்துட்டிருக்கு," டீச்சர் அவள் காதில் கிசுகிசுத்தாள்.

முன்வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"டீச்சர்... எங்கப்பா குரல் மாதிரியே..."

தாய் தன் மகனின் கையிலிருந்த தட்டையும் கரண்டியையும் பிடுங்கினாள். ஓங்கி அடித்தாள்.

"ஏன் கண்ணுங்களா நிறுத்திட்டீங்க? பேண்டமோனியம்னா இவ்வளவுதானா?"