பம்ப்செட்டும் பதினைந்து லிட்டரும்

"பெருசு வேணும். என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது" என்றார் அவர், மேஜைமேல் பாதி உடம்பைச் சாய்த்துக் கடைக்காரரின் காதுக்குள்.

கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நீந்தும்போது காலில் மாட்டும் துடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பெருசு சார்?"

"பதினஞ்சு லிட்டர். எப்பவும் குடுக்கற பன்னெண்டு எனக்குப் பத்தலை."

அவர் கேட்டது, முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் காற்று சிலிண்டரை. மனிதர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பதினேழு ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போகிறவர், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மட்டும் காற்றைக் குடம் குடமாகக் குடித்தார். மச்சான் அவருக்கு 'பம்ப்செட்' என்று பெயர் வைத்து, அது குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்வார். முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. அதைத் திருப்பும் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. ஆனால் ஜோடியாக இறங்குகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் முள் இருநூறில் தொடங்கி இறங்கும்; அது யாருக்கு முதலில் எண்பதைத் தொடுகிறதோ அவர் கை காட்ட வேண்டும், உடனே இருவரும் மேலே வந்துவிட வேண்டும்.

ஆறு தடவை போனார்கள். ஆறு தடவையும் சக்கரம் வரும் முன்பே கை காட்டியது இவர்தான். நூலகத்தில் வேலை பார்க்கும் அவள், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் கூடவே மேலே வந்துவிடுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

"முப்பது மீட்டர்ல இழுக்கற ஒவ்வொரு மூச்சுக்கும் மேல இழுக்கறதைவிட நாலு மடங்கு காத்து போகும் சார். பதறிப் பதறி இழுத்தா இன்னும் போகும். நீங்க பதறுவீங்க" என்றார் கடைக்காரர்.

"அதனாலதான் பெருசு கேக்கறேன்."

"முதுகுல மூணு நாலு கிலோ கூட ஏறுமே."

"தாங்கிக்கறேன். எந்த சிலிண்டர்னாலும் முள்ளு இருநூறுதானே காட்டும், அவளுக்குத் தெரிய வராது. மேல துணி உறையைப் போட்டுடுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சரி, நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா இறங்குங்க."

பிறகு மனைவி துடுப்பை மாற்ற உள்ளே போனாள். ஒரு ஜோடித் துடுப்பை மாற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

படகில் சிலிண்டரை முதுகில் ஏற்றியபோது, சொன்ன அளவுக்குக் கனமில்லையே என்று தோன்றியது. சந்தோஷத்தில் கனம் தெரியாது என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

தண்ணீருக்குள் அவர் ராஜா. பதினைந்து லிட்டர் முதுகில் இருக்கும்போது எதற்குப் பதற வேண்டும்? கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்போல நிதானமாக மூச்சு விட்டார், மீன்களுக்கு வழிவிட்டார். மனைவிதான் ஏனோ நிமிஷத்துக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்தாள்.

சக்கரம் வந்தேவிட்டது. அவள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, லாரி ஓட்டுவதுபோல ஆட்டினார்கள். குழாய் வாயில் இருந்ததால்தான் அவர் எந்த ரயிலையும் அறிவிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவி கையைக் காட்டினாள். அவளுடைய முள் எண்பது, இவருடையது நூற்றுப்பத்து.

கரை ஏறியபின் அவர் கால் தரையில் பாவவில்லை. கடைக்குள் நுழையும்போதும் துள்ளிக்கொண்டுதான் நுழைந்தார்.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேங்க. இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு" என்றாள் மனைவி.

அது அவர் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நான் எடுத்துட்டுப் போனது பதினஞ்சு லிட்டர். உனக்குத் தெரியாம வாங்கினேன். ஜெயிச்சது நான் இல்ல, சிலிண்டர்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எடுத்துட்டுப் போனது பத்துங்க. இந்த ஒரு தடவையாவது நான் முதல்ல கை காட்டணும்னு உங்களுக்குத் தெரியாம வாங்கினேன். கீழ போனதுலேருந்து தீந்துடுமோ தீந்துடுமோன்னு எனக்கு உயிரே இல்ல."

அவர் கணக்குப் போட்டார். பதினைந்தை முதுகில் கட்டிக்கொண்டு பத்தை ஜெயித்திருக்கிறார். "அப்ப நான் சாகற வரைக்கும் பம்ப்செட்தான்" என்று அவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிப்பு மட்டும் அவருக்கும் அடங்கவில்லை.

கடைக்காரர் இரண்டு உறைகளையும் கழற்றி மடித்தார்.

"பதினஞ்சு எல்லாம் சோதனைக்குப் போயிருக்கு சார். அந்த ஆழத்துக்குப் பத்து நான் யாருக்கும் தர்றதில்ல" என்றார்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் பன்னெண்டுதான் குடுத்தேன்."