ஆணியின் உயரம்

விரல்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

மரப்பலகையில் வெட்டிய சின்னச் சின்னப் படிகள். இரண்டு விரலும் மாறி மாறிக் கால் வைத்து ஏற வேண்டும்.

நெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டன.

"அவ்வளவுதான் மக்ளே. இதுக்கு மேல ரோடு இல்ல."

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

பிசியோதெரபிஸ்ட் ஷெர்லின் அவரது வலது தோளை அமுக்கிப் பார்த்தாள். எலும்பில் குற்றமில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அவள் தூக்கினாலும் கை பாதியில் இறுகிக்கொள்ளும்.

போன வாரம் கேட்டதற்கு, மணக்குடிக் கடலில் சுறா பிடித்து இழுத்தது என்றார். அதற்கு முந்தின வாரம், இடியைத் தோளில் தாங்கியதாகச் சொன்னார்.

சிரிக்காமல்தான் சொன்னார்.

மனைவி இறந்த பிறகு வந்த வலி என்று மகன்தான் ஷெர்லினிடம் சொல்லியிருந்தான். அம்மாவின் படம் பிரேம் போட்டு வந்து, சுற்றிய தாளோடு கட்டிலோரம் சாய்ந்து நிற்கிறது. வீட்டுச் சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. அப்பா யாரையும் தொட விடவில்லை.

தோள் சரியாகட்டும், நானே மாட்டுகிறேன் என்கிறார்.

"இன்னைக்கு என்ன கதை பாட்டா?"

"கதையா? நான் பஸ் ஓட்டின காலம். தக்கலை எறக்கத்துல பிரேக் புடிக்கல. ஜன்னல் வழியா இந்தக் கைய நீட்டி ஒரு தென்னமரத்தப் புடிச்சேன். பஸ் நின்னுட்டு. மரம் வேரோட வந்துட்டு. ரோட்டுல போட மனசு வரல. டிக்கெட் குடுத்து ஏத்திக்கிட்டேன்."

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும் பாட்டா."

"சத்தியமா மக்ளே. கூரையக் கிழிச்சுக்கிட்டு நிக்கி மரம். மொத சீட்டுல என் வீட்டுக்காரி. தாகமா இருக்குன்னா. இந்தா ஒரு நிமிசம்னு மேல கைய விட்டு ஒரு இளநிய..."

கை மேலே போயிருந்தது.

முழுதாக. காதை ஒட்டி. விரல்கள் விரிந்து, இளநீரைத் தொட்டுக்கொண்டு.

ஷெர்லின் அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள்.

அவரும் அண்ணாந்து பார்த்தார்.

அங்கே வெறும் சுவர்.

கை மெல்ல இறங்கியது. மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்ப வலிக்கு மக்ளே."

கண் நிறைந்திருந்தது. முகம் மட்டும் எப்போதும் போல.

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு மகன் எட்டிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு மேடம்? இந்த வாரம் படத்த மாட்டிரலாமா?"

அவர் ஷெர்லினைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தென்னமரத்த வேரோட புடுங்கின தோளுல்லா," என்றாள் அவள், சிரிக்காமல். "நாளாகும்."